பள்ளி யாருடையது? – பெற்றோர், ஆசிரியர், நிர்வாகம்: ஒரு வரலாற்று நோக்கு



யூபிலி என்பது கொடியேற்றத்தோடும் வாணவேடிக்கையோடும் முடிந்துவிடும் விழா அன்று. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போர்க்கு அதன் முதற்பொருள் விளங்கும். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கியதும், கைமாறிப் போயிருந்த நிலம் அதற்குரிய குடும்பத்திடம் திரும்பிச் சேர வேண்டும் என்பது இஸ்ராயேல் மக்களுக்கு இடப்பட்ட கட்டளை. எனவே யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டாக இருப்பதோடு, எது யாருக்குரியது என்று கணக்குப் பார்க்கும் ஆண்டாகவும் இருக்கிறது.

பங்கின் வரலாற்றை எழுதும்போது பள்ளிகளைப் பற்றியும் நாம் பெருமையோடு எழுதுகிறோம். அடிக்கல் நாட்டியவர், கட்டடம் கட்டியவர், மாடி எழுப்பியவர் ஆகியோரின் பெயர்களைப் பொறிக்கிறோம். ஆனால் அப்பள்ளியை நடத்துவதில் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும், பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் என்ன இடம் இருந்தது என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. சிறிய உயர்நிலைப் பள்ளிகளே நம் எளிய மக்களின் கல்விக்குத் துணையாக நிற்கின்றன. ஆதலால் இக்கேள்வியை இம்மலரில் எழுப்புவது பொருத்தமெனக் கருதுகிறேன்.

திண்ணையில் இருந்த உரிமை

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். அப்பொழுது கோவை மாவட்ட ஆட்சியராக இருந்தவர், உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கின்படி கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்தன. மாகாணம் முழுவதிலும் இருந்தவை 12,498.

இவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அவற்றுக்கு ஆய்வாளர் கிடையாது, மானியம் கிடையாது. பெற்றோர் தத்தம் வசதிக்கேற்பப் பணமாகவோ தானியமாகவோ கொடுத்தனர். ஆசிரியர் அதில் பிழைத்தார். பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் தகப்பனார் நேரே திண்ணைக்குப் போய்க் கேட்கலாம். கூலி வந்து சேரவில்லை என்றால் வாத்தியாரும் நேரே வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். இருவருக்கும் நடுவில் வேறொருவர் இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கூற நான் வரவில்லை. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே படித்தனர். தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை. கூலி கொடுக்க முடிந்தவரின் குரலே அங்கே ஒலித்தது. இக்குறையை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தாளாளர் வந்த கதை

1844ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைப்பணியாளர்களின் சங்கம் கூடியது. சுதேசக் குருக்களை உருவாக்குவதும், பிள்ளைகளுக்குக் கல்வியளிப்பதும் அச்சங்கத்தின் முக்கிய நோக்கங்கள். பின்னாளில் கோவை மறைமாநிலத்தின் முதல் மேய்ப்பராக வந்த மரியோன் பிரசிலாக் ஆண்டகை, அப்போது இளங்குருவாக அதில் பங்கேற்றார். அதே ஆண்டில் பெண் கல்விக்கென்றே துய்ப்புயி அடிகளார் புதுச்சேரியில் ஒரு கன்னியர் சபையை நிறுவினார். திண்ணை மறுத்த பிள்ளைகளுக்குக் கோயில் வளாகம் இடம் தந்தது. இது நம் முன்னோர் செய்த பெரும் தொண்டு.

பின்பு 1854இல் வந்த உட் என்பவரின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் முறையைத் தோற்றுவித்தது. பணம் கொடுக்கும் அரசு, பள்ளியின் பெயரால் கடிதம் எழுதவும் கையொப்பமிடவும் பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும் என்றது. கடிதப் போக்குவரத்து நடத்துபவர் என்ற பொருளில் அவருக்குக் கரெஸ்பாண்டென்ட் என்று பெயர். தமிழில் அவரைத் தாளாளர் என்கிறோம். தாள் என்றால் முயற்சி; தாளாளர் என்றால் முயற்சியுடையவர். அழகான பெயர்தான். பங்குப் பள்ளிகளில் பெரும்பாலும் பங்குத் தந்தையே அந்நாற்காலியில் அமர்ந்தார்.

இதனால் விளைந்த நன்மைகள் பல. வருகைப் பதிவேடும் பாடத்திட்டமும் தேர்வும் ஒழுங்காயின. ஏழைப் பிள்ளை கூலி கொடுக்காமலே படிக்க முடிந்தது. ஆனால் பள்ளியின் முகம் மெல்லத் திரும்பிக்கொண்டது. முன்பு வீட்டைப் பார்த்திருந்த பள்ளி, இப்போது கல்வி அலுவலகத்தைப் பார்க்கத் தொடங்கியது. பெற்றோர் தேர்ச்சி அட்டையில் கையொப்பமிடுபவராகவும், பிள்ளை தவறு செய்தால் கூப்பிட்டு அனுப்பப்படுபவராகவும் ஆனார். ஆசிரியரின் பிழைப்போ நிர்வாகியின் தயவில் நின்றது. ஒரு தொகைக்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கையில் கொடுத்த தனியார் நிர்வாகங்களும் நாட்டில் இருந்தன. ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகள் குரல் எழுப்பியதற்கு இது ஒரு காரணம்.

திருச்சபையின் போதனை

இனி நம் தாய்த் திருச்சபை என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1922இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி பிள்ளைகள் அனைவரும் அரசுப் பள்ளிகளிலேயே படிக்க வேண்டும். கத்தோலிக்கப் பள்ளி நடத்திய கன்னியர்கள் வழக்குத் தொடுத்தனர். 1925 ஜூன் முதல் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. பிள்ளையை வளர்த்து வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு, பிள்ளை அரசின் வெறும் உடைமை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1929 டிசம்பர் 31இல் வெளியிட்ட கல்வி பற்றிய சுற்றுமடலில் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டினார்.

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டு, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான, முக்கியமான ஆசிரியர்கள் என்று உறுதிப்படுத்தியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி இறங்கி நடைமுறைக்கே வருகிறது. அதன் 796ஆம் சட்டம் ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்கவும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்கவும் பணிக்கிறது. பெற்றோர் சங்கங்களோ கூட்டங்களோ அமைக்கப்பட வேண்டும். அவை உயர்வாக மதிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெற்றோரின் உரிமை என்னும் இந்தப் போதனையை அரசுக்கு எதிரே கேடயமாகப் பிடிக்க நாம் நன்கு அறிந்திருக்கிறோம். அதே உரிமை நம்முடைய அலுவலக வாயிலிலும் வந்து நிற்கிறது. பிள்ளை அரசின் உடைமை இல்லையென்றால், நிர்வாகத்தின் உடைமையும் இல்லை அல்லவா?

இத்தாலியில் புளோரன்சு நகருக்கு வடக்கே மலைமேல் இருந்த பார்பியானா என்னும் சிற்றூரில் லொரென்சோ மிலானி என்ற குரு, பள்ளியிலிருந்து தள்ளப்பட்ட குடியானவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். அவருடைய மாணவர்கள் எண்மர் சேர்ந்து எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதமாக அது அமைந்திருந்தாலும், பெற்றோர் ஒன்றுகூட வேண்டும் என்பதே அதன் அழைப்பு. ஏழு ஆண்டுகள் கழித்து, 1974 மே மாதத்தில், பெற்றோரும் ஆசிரியரும் பிற பணியாளரும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமரும் பள்ளி மன்றங்களை இத்தாலிய அரசு ஏற்படுத்தியது. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்குச் சென்று மிலானி அடிகளாரின் கல்லறையில் செபித்தார்.

தமிழகத்தில் ஊர் திரும்பி வந்தது

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1953இல் சென்னை மாகாணத்தில் வந்த அரைநாள் பள்ளித் திட்டம், மக்களின் எதிர்ப்புக்கு ஆளாகி 1954இல் கைவிடப்பட்டது. பெற்றோரின் மனத்தை அறியாமல் எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதை அது காட்டிற்று.

அடுத்து வந்த காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் வேறு வழியைக் கையாண்டார். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊரார் கொடுத்த அரிசியாலும் பருப்பாலும் பணத்தாலும் நடைபெற்றது. 1957இல் அரசின் பங்கு சேர்ந்தது. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு இன்னின்ன தேவை என்று பட்டியல் எழுதி ஊரார் முன் வைத்தனர். ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் வகுப்பறையும் கொடுத்தனர். பின்னர் மாவட்டந்தோறும் அத்தகைய மாநாடுகள் நடந்தன. 1964இல் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் உருவாயிற்று.

இவ்வியக்கத்தால் ஊர், பள்ளிக்குத் திரும்பி வந்தது. ஆனால் கொடையாளராக வந்தது. பெஞ்சு கொடுத்தவரின் பெயர் பெஞ்சில் எழுதப்பட்டது. அந்தப் பெஞ்சில் அமரும் பிள்ளை ஏன் பாதியில் நின்றுவிட்டான் என்று பேச அவருக்கு இடம் அமையவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகமும் பல இடங்களில் நன்கொடை திரட்டும் சங்கமாகச் சுருங்கிற்று. கொடுப்பது ஒன்று, கலந்து முடிவெடுப்பது வேறொன்று.

நீதிமன்றம் தந்த உரிமை

1957இல் கேரளத்தில் ஜோசப் முண்டசேரி அவர்கள் கல்வி மசோதா கொண்டுவந்தபோது எழுந்த கொந்தளிப்பு மூத்தோர் அறிந்தது. குடியரசுத் தலைவர் அதனை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22இல் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் வழங்கிய கருத்துரை, அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையை உயர்த்திப் பிடித்தது. கூடவே ஒன்றையும் தெளிவாக்கியது: நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது.

1974 ஏப்ரல் 26இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கல்லூரியின் ஆட்சிக்குழுவில் பல்கலைக்கழகத்தின் நியமனரும், ஆசிரியர், பணியாளர், மாணவர் பிரதிநிதிகளும் இருந்தாக வேண்டும் என்ற குஜராத் சட்டப்பிரிவைச் சிறுபான்மை நிறுவனங்கள் மேல் சுமத்த இயலாது என்பது அதன் முடிவு. தமிழகத்தில் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், தலைமையாசிரியரும் மூத்த ஆசிரியரும் இடம்பெறும் பள்ளிக் குழுவை ஏற்படுத்தியது. அச்சட்டத்தின் பல பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தா என்று சென்னை உயர் நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை மட்டுமே கூறும் என்றது. 2014 மே 6இல் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு, அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகளின் அமர்வு ஐயம் தெரிவித்து, அக்கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

இத்தீர்ப்புகளால் கிடைத்த பாதுகாப்பை நான் குறைத்துப் பேசவில்லை. சிறுபான்மை மக்களுக்கு அது தேவை. ஆனால் இந்த வரலாற்றின் வினோதத்தைப் பாருங்கள். பெற்றோரையும் ஆசிரியரையும் கூட்டி வைத்து ஆலோசிக்க வேண்டும் என்று அரசுப் பள்ளியைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தமிழக அரசு 2022இலும் 2024இலும் அக்குழுக்களைப் புதுப்பித்து, 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. பெற்றோரே முதல் ஆசிரியர் என்று உலகுக்கு அறிவித்த திருச்சபையின் பள்ளிகளையோ அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சட்டம் நம்மிடம் கேளாததை, நம் மனச்சாட்சி கேட்கிறது. வெளியார் நுழைந்துவிடக் கூடாதென்று பெற்ற உரிமை, வீட்டாரை வெளியே நிறுத்தும் பூட்டாகிவிடக் கூடாது.

சோமனூர்ப் பகுதிக்கு இது ஏன் வேண்டும்?

நம் பகுதி தறிச் சத்தத்தில் விடியும் பகுதி. இங்குள்ள குடும்பங்களில் பல கூலிக்கு நெய்பவை. வியாபாரியிடம் பாவும் ஊடையும் வாங்கி, நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலிப் பிரச்சினையால் பல வாரங்கள் தறிகள் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட வாரங்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளையின் கட்டணத்தைத் தள்ளிப் போட வேண்டும் என்பதை அலுவலகப் பதிவேடு சொல்லாது. அடுத்த சந்தில் குடியிருக்கும் பெற்றோர் பிரதிநிதி சொல்லுவார்.

வகுப்பில் ஒரு பையன் தூங்கி விழுகிறான். சோம்பேறி என்று எழுதிவிடலாம். இரவில் தறியருகே அப்பாவுக்கு உதவியாக நின்றானா என்பது வீட்டுக்குத்தான் தெரியும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் மட்டுமே, அதுவும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் மட்டுமே உதவலாம் என்று 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகிறது. அச்சட்டத்தைப் பெற்றோர்க்கு அன்போடு எடுத்துச் சொல்லக்கூடியவர் ஆசிரியர். மில் வேலைக்கென்று பத்தாம் வகுப்போடு நிறுத்தப்படும் பெண் பிள்ளையைப் பற்றி அவள் தாயிடம் பேசத் தக்கவர் மற்றொரு தாய். வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகளும் இன்று நம் பகுதிப் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய பெற்றோரும் பெற்றோர்தாமே?

செய்யத் தக்கவை

சிறிய பள்ளி என்பதே நமக்கு ஒரு வசதி. எல்லாரும் எல்லாரையும் அறிவர். என் கருத்தில் ஐந்து காரியங்கள் போதும்.

முதலாவது, ஒவ்வொரு பங்கு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு பள்ளி மன்றம் வேண்டும். தாளாளர், தலைமையாசிரியர், ஆசிரியர் தேர்ந்தெடுத்த இருவர், அலுவலக அல்லது கடைநிலைப் பணியாளர் ஒருவர், வகுப்புக்கு ஒருவராகப் பெற்றோர் ஆகியோர் அதில் இருக்கட்டும். பெற்றோரில் பாதிப்பேர் தாய்மாராகவும், பிற சமயத்தாருக்கும் கூலித் தொழிலாளருக்கும் இடமுள்ளதாகவும் அது அமையட்டும்.

இரண்டாவது, கூட்டத்தின் நேரம். வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோர் வரவில்லை என்று குறை கூறுவது முறையன்று. தறி நிற்கும் நேரம் பார்த்து அழைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கொரு முறையேனும் வரவு செலவு தமிழில் வாசிக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

நான்காவது, தீர்மானப் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். சென்ற கூட்டத்தில் கேட்டதற்கு என்ன செய்தோம் என்ற பதிலோடு ஒவ்வொரு கூட்டமும் தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியர் கூட்டம் மாதந்தோறும் நடைபெற வேண்டும். அதில் மாற்றுக் கருத்துச் சொன்ன ஆசிரியருக்கு அடுத்த நாள் அதனால் ஒரு சங்கடமும் வரக் கூடாது.

இதற்கு எல்லையும் உண்டு. மதிப்பெண் போடுவது ஆசிரியரின் பொறுப்பு. தனியொரு பிள்ளையின் தவற்றையோ தனியொரு ஆசிரியரின் குறையையோ பொதுக் கூட்டத்தில் அலசலாகாது. பணி நியமனம் சாதிக்கும் கட்சிக்கும் பங்கு பிரிக்கும் இடமாகிவிடக் கூடாது. மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் என்பதற்காக யாருக்கும் இரட்டை ஓட்டு இல்லை. பள்ளியின் கத்தோலிக்கத் தன்மையையும் சட்டப் பொறுப்பையும் தாளாளர் காத்தே ஆக வேண்டும். திண்ணைக் காலத்தில் வசதியுள்ளவர் குரலே ஓங்கியிருந்தது. அந்தக் குறை மறுபடி தலையெடுக்கலாகாது.

"பெற்றோர் படிக்காதவர்கள், அவர்களுக்கு நிர்வாகம் என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கக்கூடும். எத்தனை கிலோ நூலுக்கு எத்தனை மீட்டர் துணி, கழிவு எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்று நாள்தோறும் கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு சிறிய பள்ளியின் கணக்குப் புரியாதா? அரசுப் பள்ளியின் குழுவில் நான்கில் மூன்று பங்காக அமர்ந்திருப்பவர்களும் இதே ஊர்களின் பெற்றோர்தாம். மேலும், அவர்கள் மன்றத்துக்கு வருவது பாடம் நடத்துவதற்காக அன்று. தம் பிள்ளையைப் பற்றித் தமக்கு மட்டுமே தெரிந்ததைச் சொல்வதற்காக. பாவு எவ்வளவு நீளமானாலும் ஊடை குறுக்கே ஓடாமல் துணியாகாது என்பதை நம் மக்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயதில், அதாவது நம் கணக்கில் ஏழாம் வகுப்பில், பாலன் இயேசு ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்ததை லூக்கா நற்செய்தி கூறுகிறது. மூன்று நாள் தேடி வந்த மாமரியும் சூசையப்பரும் உள்ளே நுழைகின்றனர். தாய் தன் மனவேதனையை அந்தப் போதகர் முன்பாகவே கேட்கிறாள். வெளியே நில்லுங்கள் என்று அவர்களை யாரும் தடுத்ததாக நற்செய்தியில் இல்லை. பின்பு அப்பிள்ளை நாசரேத்துக்குச் சென்று ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தது. பெற்றோரும் போதகரும் ஒரே கூடத்தில் நின்ற அக்காட்சி நம் பள்ளிகளிலும் நிகழட்டும். இந்த யூபிலி ஆண்டில் எக்காளம் முழங்கும்போது, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய இடம் அவர்களிடம் திரும்பிச் சேரட்டும். செபமாலை அன்னை நம் பிள்ளைகளைக் காப்பாராக!

— பங்குத் தந்தை